தெருமுனைக் கடைக்குப் போனாலும்: இருசக்கர வாகனப் பாதுகாப்பு உடைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

இட்லி மாவு வாங்கப் போய்த்தான் விழுந்தேன். வீட்டிலிருந்து கடை அரை கிலோமீட்டர்கூட இல்லை. வேகம் மணிக்கு இருபத்தைந்துதான் இருந்திருக்கும். யாரோ வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணல் திருப்பத்தில் பரவிக் கிடந்தது. முன் சக்கரம் அதில் ஏறியது தெரியும். அடுத்து நினைவில் இருப்பது, இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றித் தார்ச்சாலையில் சறுக்கிக்கொண்டிருந்ததுதான். தலையில் அடிபடாதது அதிர்ஷ்டம். ஹெல்மெட் வீட்டு வாசல் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் ரசம் சோற்றைக்கூடக் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. குழாயைத் திறக்க, சட்டைப் பொத்தான் போட, எல்லாவற்றுக்கும் இன்னொருவரை அழைக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு உடை என்பது லடாக் போகிறவர்களுக்கானது என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த வழிகாட்டி அப்படி நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது: அலுவலகத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக.

முதலில்: விழும்போது என்ன நடக்கிறது?

வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் எதுவும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். இந்தக் கணக்கில் வண்டியின் வேகமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும் வண்டி சாய்ந்து, தலை நடைபாதைக் கல்லில் மோதினாலும் இதே கணக்குத்தான். "மெதுவாகத்தானே போகிறேன்" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, உராய்வு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது விழுந்தால், எதிலும் மோதாமலேயே சுமார் 14 மீட்டர் தூரம் சாலையில் தேய்ந்துகொண்டு போய்த்தான் உடல் நிற்கும். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். மூன்றாவது, சிக்குவதும் முறுக்குவதும்: வண்டிக்கு அடியில் மாட்டும் கணுக்கால், சக்கரத்தில் சுற்றும் முந்தானை. மோதல், உராய்வு, முறுக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆபத்துகள். ஒன்றுக்கான உடை மற்றொன்றுக்கு உதவாது.

படி 1: ஹெல்மெட்

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அது ஹெல்மெட்டுக்கே போக வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். உலகளவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

இந்த அறிவு நேற்று வந்ததல்ல. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளை வளைத்து, தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் கழித்துத் தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் அதன்பின் மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். 1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை ஹெல்மெட்டின் அவசியத்தை நிறுவியது. அந்நாட்டு ராணுவம் தகவல் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதும் அதே ஆண்டில்தான்.

நம் ஊரிலோ ஹெல்மெட்டின் கதை பெரும்பாலும் போலீஸ் கதையாகவே இருந்துவருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி வந்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலை ஏறியது. அப்போது வாங்கப்பட்டவற்றில் பாதி, தலையைக் காக்க வாங்கப்பட்டவை அல்ல; அபராதத்தைத் தவிர்க்க வாங்கப்பட்டவை. இன்றும் பெட்ரோல் டேங்க் மேலும் முழங்கையிலும் ஹெல்மெட் தாயத்துப்போல் தொங்குகிறது. அடுத்த சந்திப்பில் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது.

*உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.* ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரப்பிக் கொடுக்கிறது. கூர்மையானது எதுவும் துளைக்காமல் தடுக்கிறது. உயிரைக் காப்பது அதற்குள் இருக்கும் அடர்த்தியான தெர்மாகோல் அடுக்கு. மோதும்போது அது நசுங்குகிறது. தலை சட்டென்று நிற்காமல், சில மில்லி நொடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிற்கிறது. மூளைக்கு அந்தச் சில மில்லி நொடிகளே எல்லாம். சாலையோரத்தில் விற்கும் சட்டி ஹெல்மெட்டுகள் பலவற்றில் இந்த அடுக்கே கிடையாது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் நேராக ஸ்பாஞ்ச். கட்டைவிரலால் உள்துணியை அழுத்திப் பாருங்கள். துணிக்குப் பின்னால் விறைப்பான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். விரல் ஸ்பாஞ்சில் அமிழ்ந்து நேராக ஓட்டைத் தொட்டால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

*ஐ.எஸ்.ஐ. முத்திரை.* இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்படாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் 1 முதல் சட்டவிரோதம். ஆனால் முத்திரையை ஸ்டிக்கராக அச்சிட அரை ரூபாய்கூட ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான முத்திரையுடன் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உற்பத்தியாளர் பெயரும் உரிமம் செல்லுபடியாகிறதா என்பதும் தெரியும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

*முழு முகமா, பாதியா?* முழு முகம் மூடுவதே என் பரிந்துரை. ஜெர்மனியின் ஹனோவரில் டீட்மார் ஓட்டே நடத்திய ஆய்வில், ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில்தான் இருந்தது. பாதி ஹெல்மெட்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் பற்கள். தாடைப் பகுதியை மேலே தூக்கிக்கொள்ளும் வகை வசதியானதுதான். ஓட்டும்போது மூடி வைத்தால் மட்டும்.

*அளவு.* பெரும்பாலானோர் ஒரு சைஸ் பெரியதையே அணிகிறோம். தையல் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் 580 மி.மீ. என்பதுபோல ஓர் எண் இருக்கும். எம், எல் என்ற எழுத்துகளைவிட அந்த எண்ணை நம்புங்கள், ஏனெனில் எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போட்டவுடன் கன்னம் இரண்டும் லேசாக உப்பித் தெரிந்தால் சரியான அளவு. பத்து நிமிடம் போட்டபடியே கடையில் நில்லுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. வேறு நிறுவனத்துடையதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெத்தை சில மாதங்களில் அமுங்கித் தளரும் என்பதால், இன்று "கொஞ்சம் இறுக்கமோ" என்று தோன்றுவதே நாளைக்குச் சரியாக இருக்கும்.

பெண்கள் கவனிக்க ஒன்று: உயரமான கொண்டையின் மேல் ஹெல்மெட் ஒழுங்காக உட்காராது. பிடரிக்குக் கீழே தொங்கும் பின்னலே ஏற்றது. பூவை இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம்.

*நாடா.* நாடா பூட்டாத ஹெல்மெட், தலைக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. நாடாவைப் பூட்டிக்கொண்டு தலையைக் குனியுங்கள். வேறொருவரைப் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் கழன்று கையோடு வந்தால் அளவு தவறு, அல்லது நாடா தளர்வு. தாடைக்கும் நாடாவுக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. கிளிப் சரியாகப் பூட்டாத ஹெல்மெட்டை வருடக்கணக்கில் அணிகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்தில் ஊசலாடும் அந்த நாடாவைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

*பராமரிப்பு.* பெட்ரோலும் தின்னரும் தெர்மாகோலைக் கரைக்கும். ஆகவே துடைக்கச் சோப்பு நீர் போதும். கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டாதீர்கள். கம்பி முனை உள் அடுக்கைக் குத்திப் பள்ளமாக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

படி 2: கையுறை

விழும்போது கை தானாக நீளும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. அதனால்தான் ஹெல்மெட்டுக்கு அடுத்து கையுறையைச் சொல்கிறேன். ஜாக்கெட் விற்கிறவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள்.

நல்ல கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டி, வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கை ஊன்றியதும் தோல் சாலையைப் பற்றிக்கொண்டால், உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி அங்குள்ள சிறு எலும்புகளை முறிக்கும். வில்லை இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், முறிவு தப்பும். விரல் முட்டிகளுக்கு மேல் கெட்டியான கவசம், மணிக்கட்டில் இறுக்கும் பட்டை ஆகியவற்றையும் பாருங்கள். பட்டையைப் பூட்டியபின் கையுறையை விரல்நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரக் கூடாது.

வெயிலுக்காக அணியும் துணிக் கையுறையும், முழங்கை வரை இழுத்துவிடும் ஸ்லீவும் கருக்காமல் காக்கும்; அவ்வளவே.

படி 3: காலணி

ரப்பர் செருப்புடன் கியர் வண்டி ஓட்டுவது நம் தேசிய வழக்கம். வண்டி சாயும்போது செருப்பு முதலில் பறக்கும். அடுத்து வெறுங்கால் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே மாட்டும். கணுக்கால் எலும்பு இரண்டையும் மூடும் உயரமுள்ள, அடிப்பாகம் எளிதில் முறுக்க முடியாத ஷூ போதும். போலீஸ்காரர்கள் அணிவது போன்ற கணுக்கால் உயரத் தோல் பூட்ஸ் நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல ஏற்பாடு. கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். கியர் நெம்புகோலில் அது மாட்டினால், நிறுத்தும்போது கால் ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய்வீர்கள்.

கெண்டைக்காலில் சைலன்சர் சூட்டுத் தழும்பு இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? முழுக்கால் உடை அதற்கும் மருந்து.

படி 4: ஜாக்கெட்டும் முழங்கால் காப்பும்

பருத்திச் சட்டை சாலையில் கண் சிமிட்டும் நேரத்தில் கிழியும். சாதாரண ஜீன்ஸும் அதிகம் தாங்காது. வேட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓட்டுநர் ஜாக்கெட் இரண்டு வேலை செய்கிறது. துணி உராய்வைத் தாங்குகிறது. தோள், முழங்கை, முதுகில் உள்ள பட்டைகள் அடியைத் தாங்குகின்றன. துணிக்கு ஐரோப்பிய இ.என். 17092 தரத்தில், மேலிருந்து கீழாக, ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் உண்டு. நகரப் பயணத்துக்கு ஏ, நெடுஞ்சாலைக்கு ஏஏ என்று வைத்துக்கொள்ளலாம். காப்புப் பட்டைகளுக்கு இ.என். 1621 என்ற தரம். மூட்டுக் காப்பில் முதல் நிலைப் பட்டை, சோதனையில் சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் விசையை உள்ளே விடக் கூடாது; இரண்டாம் நிலை என்றால் 20. எண் குறையக் குறைய நல்லது. இந்த விவரம் பட்டையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே கடையில் ஜாக்கெட்டின் உள்பையைத் திறந்து பட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். முதுகுப் பகுதியில் மட்டும் வெறும் ஸ்பாஞ்சை வைத்து விற்பது பரவலாக நடக்கிறது. அது ஜாக்கெட்டுக்கு வடிவம் கொடுப்பதற்கு. தரமான முதுகுக் காப்பைத் தனியே வாங்கி அதே பையில் செருகிக்கொள்ளலாம்.

அளவு இங்கும் முக்கியம். பட்டை முழங்கையில் உட்கார்ந்தபின், ஜாக்கெட்டின் கையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பட்டை விலகிப் போனால் விழும்போதும் விலகும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கத்தரி வெயிலில் இதை எப்படி அணிவது? எளிதாக இருக்காது, பொய் சொல்லவில்லை. வலைத்துணி ஜாக்கெட் என்று ஒரு வகை இருக்கிறது. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேறும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது வேர்க்கத்தான் செய்யும். உள்ளே அணியும் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது குளிர்ச்சி தாங்கும். வலைத்துணி, தோலைப்போல உராய்வைத் தாங்காது என்பது உண்மை. இருந்தாலும், அலமாரியில் தொங்கும் தோல் ஜாக்கெட்டைவிட உடம்பில் இருக்கும் வலைத்துணி ஜாக்கெட் மேல். அதுவும் முடியாதவர்கள், பேண்டுக்கு மேலே பட்டையால் கட்டிக்கொள்ளும் முழங்கால், முழங்கை காப்புகளை வாங்கலாம். அலுவலகத்தில் கழற்றி வண்டிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

படி 5: பின்னால் உட்காருபவர்

மேலே சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஓட்டுபவர் ஹெல்மெட்டோடும் மனைவி வெறுந்தலையோடும் போகும் காட்சிக்கு நாம் பழகிவிட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் தகுதியிழக்கவும் இடமுண்டு. ஏறக்குறைய அந்த அபராதத் தொகைக்கே ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் ஒன்றை வாங்கிவிடலாம் என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.

சேலைக்காப்பு என்று நாம் அழைக்கும், பின்சக்கரத்தின் பக்கவாட்டை மறைக்கும் கம்பி அல்லது தகடு, விற்பனையாளர் இனாமாகத் தருவதல்ல. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. புது வண்டி வந்த மறுநாளே 'ஸ்டைல்' கெடுகிறது என்று அதைக் கழற்றி எறியும் இளைஞர்கள், ஒருநாள் அம்மாவையும் அந்த வண்டியில் ஏற்றுவார்கள். முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவை ஊசி குத்தி முடிந்துகொள்ளுங்கள். புர்கா அணிபவர்கள் கீழ்விளிம்பைச் சுருட்டித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டபின் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் அதுவே நல்லது.

குழந்தைகள்: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கேற்ற ஹெல்மெட், ஓட்டுநருடன் இணைக்கும் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி முதல் விதியாகியிருக்கின்றன. ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்துக் கூட்டிப் போவதில் குழந்தைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திடீரென்று பிரேக் பிடித்தால் ஹேண்டில்பாரில் மோதுவது அதன் முகம். பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்குக் கவிழ்ப்பது ஏமாற்று வேலை. கழுத்துக்குப் பாரம் கூடும், தலைக்குப் பாதுகாப்பு கூடாது.

படி 6: மழையும் இரவும்

ஹெல்மெட்டின் கறுப்பு முகக்கண்ணாடி பகலுக்கு மட்டும். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்வரும் விளக்கு ஒவ்வொன்றும் நட்சத்திரமாகச் சிதறும். மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். மழைக்கோட்டில் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். கறுப்பு மழைக்கோட்டு அணிந்தவரை இரவில் லாரி ஓட்டுநர் பார்க்கவே மாட்டார். போர்வைபோல் தரை வரை தொங்கும் பொஞ்சோ வகை வேண்டாம்; சக்கரத்தில் சிக்கும்.

படி 7: அணியும் பழக்கம்

வாங்குவது ஒரு நாள் வேலை, அணிவது தினமும். எனக்குப் பலித்த ஏற்பாடு ஒன்று: வண்டிச் சாவியைக் கையுறைக்குள் போடுவேன், கையுறையை ஹெல்மெட்டுக்குள் போடுவேன். ஹெல்மெட்டைத் தொடாமல் வண்டியை எடுக்கவே முடியாது. மாற்றுச் சாவியை வீட்டில் உள்ளவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

படி 8: விழுந்த பிறகு

விழுந்தவர் சுயநினைவோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், கூடியிருப்பவர்கள் அவசரப்பட்டு ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது. கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அந்த ஓர் இழுப்பு உடலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். முகக்கண்ணாடியை மட்டும் தூக்கி, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டது, அல்லது வாந்தி தொண்டையை அடைக்கிறது என்றால் கழற்றியே ஆக வேண்டும். அப்போதும் இருவர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் நாடாவை அறுத்து, பக்கவாட்டில் விரித்து மெல்ல உருவ வேண்டும். உதவி செய்தால் வழக்கில் மாட்டுவோம் என்று தயங்க வேண்டாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களைக் காக்கிறது.

அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி அணியாதீர்கள். வெளியே கீறல் மட்டும் தெரியலாம். உள்ளே தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், மீண்டு எழாது. என் நண்பர் ஒருவருடைய ஹெல்மெட் அப்படி ஆனபோது அவர் அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட எடுத்து வந்தார். நான் கத்தரிக்கோலால் நாடா இரண்டையும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். "நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்கு வெட்டுறீங்க?" என்று பழைய பொருள் வாங்கும் வண்டிக்காரர் கேட்டார். அவர் தலையில் அன்று ஒரு துண்டு மட்டும் இருந்தது.